ஆற்று மீனை எண்ணுகிறவர்கள்

அலாஸ்காவின் தென்மேற்கே பிரிஸ்டல் வளைகுடாவில் வந்து விழும் ஆறுகளின் கரைகளில், ஜூன் மாதக் கடைசியில், உயரமான பரண்கள் நிற்பதைக் காணலாம். நீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசாதபடி பிரத்தியேகமான கண்ணாடி அணிந்து, உள்ளங்கையில் அடங்கும் எண்ணுகருவி ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, பரணின் மேல் நிற்கும் இளைஞரோ யுவதியோ பத்து நிமிஷம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு படகில் ஏறி எதிர்க்கரைக்குப் போய், அங்குள்ள பரணில் ஏறி, மறுபடியும் பத்து நிமிஷம் பார்ப்பார். மணிக்கு ஒரு தடவை, இரவென்றும் பகலென்றும் பாராமல், ஆள் மாற்றி ஆள் இந்தக் காரியம் நடந்துகொண்டே இருக்கும். பத்து நிமிஷத்தில் கடந்துபோன மீனை ஆறால் பெருக்கினால் அந்தக் கரையின் ஒரு மணிக் கணக்கு. இரு கரையின் கணக்கையும் கூட்டினால் ஆற்றின் கணக்கு. சர்வகலாசாலையில் உயிரியல் படித்துப் பட்டம் பெற்றவர்கள் பலர் இந்த உத்தியோகத்தைத் தொடங்குகிற இடம் இதுதான்.

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இது சோம்பேறிகளுக்கென்று ஏற்பட்ட வேலையாகத் தோன்றலாம். ஆனால் அந்த எண் மீன்வளத்துறையின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், 32 அடிக்கு மேல் நீளம் இருக்கக் கூடாது என்று சட்டம் விதித்திருக்கிற படகுகளில் வலையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கும் மீனவர்கள், அன்று வலை விடலாமா, விடுவதானால் எத்தனை மணி நேரம் விடலாம் என்பது தீர்மானமாகிறது. அந்த வளைகுடாவில் மீன் பாடு உச்சமாக இருப்பது சில வாரங்களே. ஒரு குடும்பத்தின் வருஷத்துச் சம்பாத்தியம் முழுவதும் அதற்குள் முடிந்தாக வேண்டும். 2022-ஆம் ஆண்டில் அங்கே வந்து சேர்ந்த சாக்கை என்னும் ஜாதிச் சால்மன் சுமார் 7.9 கோடி என்று கணக்கிட்டார்கள். அத்தனை மீனையும் அத்தனை வலையையும் ஒன்றோடொன்று முட்டவிடாமல் நடுவில் நின்று பார்த்துக்கொள்கிறவர்தான் நாம் இங்கே பேசப்போகிற மீன்வள உயிரியலாளர்.

அவருடைய தொழிலைப் புரிந்துகொள்வதற்கு அந்த மீனின் ஜீவிய சரித்திரத்தைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளில் சினூக், சாக்கை, கோஹோ, பிங்க், சம் என ஐந்து ஜாதிச் சால்மன்கள் உண்டு. ஐந்துக்கும் பொதுவான வழக்கம் ஒன்றே: நன்னீரில் பிறப்பது, உப்புநீரில் வளர்வது, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து முட்டையிட்டு மடிவது. பெண் சாக்கை வாலால் கூழாங்கற்களைப் பறித்துப் பள்ளம் செய்து ஏறக்குறைய மூவாயிரம் முட்டைகளை இட்டு மூடுகிறது. குளிர்காலத்தில் கல்லுக்கடியிலேயே குஞ்சு பொரித்து, வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கருவை உண்டு தீர்த்த பிறகு வசந்தத்தில் மேலே வருகிறது. பின்னர் ஓர் ஏரியில் ஓரிரு வருஷம், அதன் பிறகு சமுத்திரத்தில் இரண்டு மூன்று வருஷம். திரும்பி ஆற்றில் நுழைந்ததும் அது ஆகாரத்தை விட்டுவிடுகிறது. வெள்ளியாக மின்னிய உடம்பு சிவப்பாகவும் தலை பச்சையாகவும் மாறுகிறது. ஆணுக்கு மூக்கு கொக்கியாக வளைகிறது. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பையும் கடைசியில் சதையையும் எரித்துக்கொண்டே மேலேறி, பிறந்த ஓடையை அடைந்து, சந்ததிக்கு வழி செய்துவிட்டுச் சில நாட்களில் இறந்துவிடுகிறது. பிறந்த ஓடையை அது மோப்பத்தால் கண்டுகொள்கிறது என்பதை விஸ்கான்சின் சர்வகலாசாலையின் ஆர்தர் ஹாஸ்லர் 1950-களில் தொடங்கிய ஆராய்ச்சிகளால் ஸ்தாபித்தார். ஒவ்வொரு ஓடைக்கும் மண்ணாலும் செடிகொடிகளாலும் ஏற்படும் தனி வாசனை குஞ்சுப் பருவத்திலேயே மீனின் நினைவில் பதிந்துவிடுகிறதாம்.

இப்படி ஒவ்வோர் ஆற்றுக்கும், சில சமயம் ஒவ்வோர் ஓடைக்கும், தனி வம்சம் உண்டு என்று ஆகிவிட்டபடியால், கடலில் மீன் நிறைய இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிச் சமாதானம் அடைய முடியாது. இந்த ஆற்றுக்கு வர வேண்டிய மீனை இந்த ஆண்டு பிடித்துத் தீர்த்துவிட்டால், நாலைந்து வருஷம் கழித்து இந்த ஆறு வெறுமையாகத்தான் இருக்கும். பக்கத்து ஆற்று மீன் வந்து இரவல் கொடுப்பது அபூர்வம். ஆகவே வலைக்குத் தப்பி முட்டையிடும் ஸ்தலத்துக்குப் போக வேண்டிய மீன் எவ்வளவு என்று ஒவ்வோர் ஆற்றுக்கும் ஓர் அளவு நிர்ணயம் செய்கிறார்கள். பிரிஸ்டல் வளைகுடாவில் விழும் க்விச்சாக் ஆற்றுக்கு அது 20 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. மேல்வரம்பு எதற்கு, எவ்வளவு அதிகம் போகிறதோ அவ்வளவும் நன்மைதானே என்று கேட்கத் தோன்றும். கனடாவின் பில் ரிக்கர் 1954-இல் வெளியிட்ட கணித வளைகோடு அதற்கு விடை சொல்கிறது: இடத்துக்கு மிஞ்சிய தாய்மீன்கள் வந்தால் ஒன்று இட்ட முட்டையை மற்றொன்று தோண்டிக் கலைக்கும், பிழைக்கும் குஞ்சுகளுக்கு ஏரியில் ஆகாரம் போதாது, எனவே ஓர் அளவுக்கு மேல் தாய்மீன் பெருகப் பெருகச் சந்ததி குறையவும் கூடும். இந்த வளைகோட்டை ஆதாரமாக வைத்து எத்தனை மீனைப் பிடிக்கலாம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு, அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை வைக்கலாகாது என்பவர்களும் உண்டு. இரு தரப்பாரும் சண்டையிடுவதற்குக்கூட முதலில் ஒரு சரியான எண் வேண்டும்.

அந்த எண்தான் கஷ்டமானது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்லிவிடுகிறோம். பானை சீராக வெந்திருந்தால் அல்லவா அது செல்லும்? மீன்கள் ஒரு மணி நேரத்தில் சீராகப் போவதில்லை. பத்து நிமிஷம் ஒன்றுமே இராது, அடுத்த பத்து நிமிஷத்தில் ஆற்றின் தரையே நகர்வதுபோல் கூட்டம் வரும். பரண் கணக்கு ஓரளவு நிற்பதற்குக் காரணம், நீரோட்டத்தின் வேகத்துக்கு அஞ்சிச் சாக்கை பெரும்பாலும் கரையை ஒட்டியே வரிசையாக ஏறுவதும், அந்த ஆறுகள் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதுமே. பனிப்பாறை உருகி வண்டலோடு வரும் ஆறுகளில் கண்ணால் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. அங்கெல்லாம் சோனார் என்னும் ஒலிக்கருவியை நீருக்குள் இறக்கிவைத்து, மீனின் உடம்பில் பட்டு எதிரொலிக்கும் சப்தத்தைக் கணிப்பொறித் திரையில் உருவமாக்கிப் பார்க்கிறார்கள். திரையில் தெரிவது ஒரு வெளிறிய நிழல். அது வாலை அசைப்பதும் மேலே போவதும் தெரியும், நீளத்தைக்கூட அளக்கலாம். ஆனால் அது சினூக்கா சம்மா என்று அந்த நிழல் சொல்லாது. அதற்காகப் பக்கத்திலேயே சோதனை வலை விட்டு, எந்த ஜாதி எந்த விகிதத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முட்டையிடும் ஓடைகளில் வேலை இன்னும் அசௌகரியமானது. மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு, கரடி இருந்தால் ஒதுங்கிப் போகட்டும் என்று உரக்கப் பேசிக்கொண்டே, இருவர் மூவராகக் குளிர்ந்த ஓடையில் நடப்பார்கள். இடுப்பில் மிளகாய்க் காரம் அடைத்த தெளிப்புக் குப்பி ஒன்று தொங்கும். கரடியும் அதே மீனைத் தேடித்தான் வந்திருக்கிறது, மேலும் அதற்குக் கோபம் சுலபமாக வரும். எங்கும் செத்த மீன். அதன் நாற்றம் உடுப்பை விட்டும் தலைமயிரை விட்டும் நாலு நாள் வரை போகாது என்பார்கள். ஒவ்வொரு பிணத்தையும் கொக்கிக் கழியால் இழுத்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, நீளம் அளந்து, பெண்ணானால் வயிற்றைக் கிழித்து உள்ளே மிச்சமிருக்கும் முட்டைகளைக் கவனிக்கிறார்கள். வயிறு காலியாக இருந்தால் அது வந்த காரியத்தை முடித்துவிட்டது. நிறைய முட்டையோடு செத்துக் கிடந்தால், நீர் சூடேறியதோ நோய் கண்டதோ, ஏதோ ஒன்று அதை முந்திக்கொண்டுவிட்டது. கரையிலிருந்து எண்ணியபோது இவ்விரண்டு மீனும் ஒன்றுபோலவேதான் எண்ணப்பட்டிருக்கும். ஓடைக்குள் இறங்கி வயிற்றைத் திறந்து பார்த்தவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். எல்லாம் முடிந்ததும் வெட்டுக்கத்தியால் மீனை இரண்டு துண்டாக்கி ஓடையிலேயே எறிந்துவிடுவார்கள். அடுத்த வாரம் வருகிறவர் அதே மீனை மறுபடி எண்ணிவிடக் கூடாதே!

ஓடைக்குக் கீழேயே கொஞ்சம் மீனைப் பிடித்து அடையாளம் மாட்டி விட்டிருந்தால் இந்தப் பிணக்கணக்கு மற்றோர் உபாயத்துக்கும் உதவும். ஆயிரம் மீனுக்கு அடையாளம் மாட்டினோம், பிற்பாடு இரண்டாயிரம் பிணங்களைப் பார்த்ததில் ஐம்பதில் அடையாளம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். நாற்பதுக்கு ஒன்று என்பதால் மொத்தம் நாற்பதாயிரம் மீன் வந்திருக்க வேண்டும் என்று அனுமானம் செய்யலாம். டென்மார்க்கின் பீட்டர்சன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடல் மீன்களுக்கு அடையாளமிட்டு ஆராய்ந்த காலத்திலிருந்து வழங்கிவருகிற முறை இது. அடையாளம் மாட்டிய மீனும் மாட்டாத மீனும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கை மேல்தான் கணக்கு முழுவதும் நிற்கிறது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதைப்பற்றிப் பின்னால் ஒரு விவகாரம் வருகிறது.

மீனின் வயதை அறிவது தனிக் கலை. செதிலைப் பூதக்கண்ணாடியில் வைத்தால் மரத்தின் குறுக்குவெட்டில் உள்ளவைபோன்ற வளையங்கள் தெரியும். கோடையில் வளர்ந்தபோது அகலமாகவும் குளிர்காலத்தில் நெருக்கமாகவும் விழுந்த கோடுகள் அவை. நன்னீரில் எத்தனை குளிர்காலம், கடலில் எத்தனை குளிர்காலம் என்று இரண்டையும் தனித்தனியே அதில் படிக்கலாம் என்பதை ஸ்டான்போர்டின் சார்லஸ் கில்பர்ட் 1913-இல் எடுத்துக்காட்டினார். ஆனால் ஆற்றில் பட்டினியாக ஏறும் மீன் தன் செதிலின் ஓரத்தையும் கரைத்து உபயோகித்துக்கொண்டுவிடுவதால், ஓடையில் செத்துக் கிடக்கும் மீனின் செதில் பூச்சி அரித்த ஓலைச்சுவடியாகிக் கடைசி வருஷத்தை மறைத்துவிடுகிறது. ஆகையால் மண்டையைப் பிளந்து, மூளைக்கு அடியில் இருக்கும் சிறு காதுக்கல்லை இடுக்கியால் எடுக்கிறார்கள். கோடையில் ஓடையிலிருந்து எடுத்த கற்களையும் செதில் அட்டைகளையும் குளிர்காலம் முழுவதும் அறைக்குள் உட்கார்ந்து படிப்பதுதான் இந்த உத்தியோகத்தின் மறுபாதி. கரடியையும் மலையையும் நினைத்துக்கொண்டு இதில் சேருகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே யாராவது சொல்லிவிடுவது நல்லது.

பின்னால் வருமென்று சொன்ன விவகாரத்துக்கு வருவோம். கனடாவில் ப்ரேசர் ஆறு ஹெல்ஸ் கேட் என்ற இடத்தில் இரு மலைச்சுவர்களுக்கிடையே நெருங்கிப் பாய்கிறது. 1913-இல் கரையோரமாக ரயில் பாதை போட்டவர்கள் வெடிவைத்துத் தகர்த்த பாறையை ஆற்றிலேயே தள்ளினார்கள். 1914-இல் ஒரு சரிவும் நேர்ந்து வழி இன்னும் குறுகியது. துரதிருஷ்டவசமாக 1913 நாலு வருஷத்துக்கு ஒரு முறை வரும் பெருவரவு ஆண்டு. மேலேற முடியாமல் மைல்கணக்கில் சாக்கை திரண்டு தவித்தது. அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகள் கூடைகளில் அள்ளி மீனைத் தடைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். பாறையை ஓரளவு அகற்றியதும் சங்கடம் தீர்ந்தது என்று சர்க்கார் கருதிவிட்டது. வரவோ தலைமுறைக்கும் மேலாகத் தேறவே இல்லை. 1937-இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஓர் ஆணையத்தை அமைத்தன. அதன் விஞ்ஞானத் தலைவர் வில்லியம் தாம்சன் ஆயிரக்கணக்கான மீனுக்கு அடையாளம் மாட்டி ஆராய்ந்து, நீர்மட்டம் குறிப்பிட்ட சில அளவுகளில் இருக்கும் நாட்களில் அவ்விடத்தை மீன் கடக்கவே முடிவதில்லை, காத்திருந்தே வலுவிழந்து சாகிறது என்று முடிவுசெய்தார். 1940-களின் நடுவில் பாறைச்சுவரை ஒட்டி மீன்வழிகள் கட்டப்பட்டன. பிற்பாடு, 1947-இல், முன் சொன்ன ரிக்கர் குறுக்கிட்டார்: பிடித்து, துளையிட்டு, தகடு மாட்டி விட்ட மீனின் நடத்தையைக் கொண்டு நல்ல மீனின் நடத்தையை எப்படித் தீர்மானிக்கலாம் என்பது அவருடைய ஆட்சேபம். மீன்வழிகள் நன்மை செய்தன என்பதில் இன்று பெரும்பாலோருக்குச் சந்தேகமில்லை. ஆயினும் ரிக்கரின் கேள்வி கேட்க வேண்டிய கேள்வி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. இன்றைக்கும் ஒரு மீனைக் கையில் எடுக்கிற உயிரியலாளர், எடுத்ததனாலேயே அதன் கதையை மாற்றிவிட்டோமோ என்று யோசிக்கக் கடமைப்பட்டவர்.

அடையாளமே சிறுத்துவிட்டால் இந்தச் சங்கடம் குறையும். பொரிப்பகங்களில் வளர்க்கும் குஞ்சுகளின் மூக்கில் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய நீளமுள்ள கம்பித் துணுக்கைச் செலுத்துகிறார்கள். எந்தப் பொரிப்பகம், எந்த ஆண்டு என்பது அதில் பொறித்திருக்கும். கொலம்பியா ஆற்றில் அரிசியைவிடச் சிறிது பெரிய கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்த மின்னடையாளங்களை வயிற்றில் வைத்துவிடுவதால், அணைதோறும் இன்ன மீன் இன்ன நேரத்தில் கடந்தது என்று கருவியே எழுதிக்கொள்கிறது. அந்த ஆற்றின் பானவில் அணையில் 1938 முதல் மீன் ஏணி வழியாக ஏறும் மீன்களை எண்ணி வருகிறார்கள். நீருக்கடியில் அமைத்த ஜன்னலுக்கு இப்பால் நாற்காலியில் உட்கார்ந்து, கடந்துபோகும் ஒவ்வொரு மீனையும் ஜாதிவாரியாகக் கணக்கில் ஏற்றும் உத்தியோகம் அங்கே உண்டு. அதே ஆற்று மண்டலத்தின் உச்சியில், கடலிலிருந்து ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர் தள்ளி ஐடஹோ மலைகளில் இருக்கும் ரெட்ஃபிஷ் ஏரிக்கு 1992-இல் வந்து சேர்ந்தது ஒரே ஒரு சாக்கை. எட்டு அணைகளைத் தாண்டி வந்த அந்த ஆண்மீனுக்கு ‘தனியன் லாரி’ என்று பெயர் சூட்டி, அதன் விந்தைச் சேமித்துவைத்து வம்சத்தைக் காப்பாற்ற முனைந்தார்கள். எண்ணிக்கை என்ற சொல்லுக்கு ஒருமை உண்டு என்பதை அந்த ஆண்டு எண்ணியவர்கள் கண்டார்கள்.

யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி எழுந்ததும் விஷயம் நீதிமன்றம் ஏறிவிடுகிறது. வாஷிங்டன் மாநிலத்துப் பூர்வகுடிகள் 1850-களில் நிலத்தை ஒப்படைத்தபோது, வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை உடன்படிக்கையில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த உரிமையைக் கேட்டு ஆற்றில் வலை விட்டதற்காகக் கைதாகிக் கைதாகி அவர்கள் நடத்திய போராட்டத்தின் முடிவில், 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுக்குச் சொந்தம் என்று தீர்ப்பளித்தார். பாதி என்றால் மொத்தம் தெரிய வேண்டும் அல்லவா? அன்றுமுதல் பூர்வகுடிகள் தாங்களே உயிரியலாளர்களை நியமித்து, மாநில உத்தியோகஸ்தர்களுக்குச் சமமாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள். ஒரே ஓடையை இரு தரப்பாரும் நடந்து எண்ணிவிட்டு வந்து ஒரு மேஜையில் ஒத்துப்பார்ப்பது அங்கே சாதாரணக் காட்சி. கட்சிக்காரன் ஒருவன் மட்டும் வைத்திருக்கும் கணக்கைவிட அது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

இத்தனை சிரத்தையும் ஆற்றுக்குள் இருக்கும் மீன்பற்றியதுதான். ஆற்றை விட்டுப் போன குஞ்சு கடலில் என்ன ஆகிறது என்பதை எண்ணுவதற்குப் பரணும் இல்லை, ஜன்னலும் இல்லை. இதன் பலன் 2009-இல் ப்ரேசர் ஆற்றில் தெரிந்தது. தாய்மீன் எவ்வளவு, புறப்பட்ட குஞ்சு எவ்வளவு என்பதையெல்லாம் வைத்து, அந்த ஆண்டு ஒரு கோடிக்கு மேல் சாக்கை திரும்பும் என்று முன்கணிப்பு வெளியாயிற்று. முன்கணிப்புகள் எப்போதும் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்ற அகன்ற எல்லைகளோடுதான் தரப்படுகின்றன. ஊர் பிடித்துக்கொள்வதோ நடுவில் இருக்கும் ஓர் எண்ணை. வந்தது சுமார் 15 லட்சம். மீன்பிடிப்பு மூடப்பட்டது, மீனவர்கள் கொதித்தார்கள், நீதிபதி புரூஸ் கோஹனின் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அது சாட்சிகளைத் திரட்டிக்கொண்டிருந்த 2010-இல், யாரும் எதிர்பாராதபடி, மூன்று கோடிக்கு அருகே சாக்கை வந்து ஆற்றை நிறைத்தது. 1913-க்குப் பிறகு அப்படி ஒரு வரவு இருந்ததில்லை. 2012-இல் அறிக்கை மூன்று தொகுதிகளாக வெளிவந்தபோது, 75 பரிந்துரைகள் இருந்தன. குற்றவாளி என்று கைகாட்டத்தக்க ஒற்றைக் காரணம் இல்லை. மீன் பண்ணைகளிலிருந்து பரவும் நோயும், கடலின் வெப்பமும், ஆற்றின் வெப்பமும் அதில் பேசப்பட்டன. ஒன்றன்மேலும் தீர்ப்பு எழுதுவதற்கு ஆதாரம் போதவில்லை.

பிரிஸ்டல் வளைகுடாவில் இத்தகைய வீழ்ச்சி அபூர்வமாக இருப்பதற்கு ஒரு காரணத்தை, வாஷிங்டன் சர்வகலாசாலையின் டேனியல் ஷிண்ட்லர், ரே ஹில்போர்ன் ஆகியோர் 2010-இல் விளக்கினார்கள். நூற்றுக்கணக்கான வம்சங்கள் வெவ்வேறு ஏரிகளிலும் ஓடைகளிலும் வெவ்வேறு வயதுக் கலப்போடு வாழ்வதால், ஓர் ஆண்டில் ஒன்று நொடித்தால் மற்றொன்று தழைக்கிறது. எல்லாம் ஒரே வம்சமாக இருந்திருந்தால் வரவின் ஏற்ற இறக்கம் இன்றுள்ளதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நூறு மீன்கூட வராத சின்னஞ்சிறு ஓடையையும் ஒருவர் வருஷம் தவறாமல் போய் நடந்து பார்க்கிறாரே, அதற்கு நியாயம் இங்கே கிடைக்கிறது.

ப்ரேசரில் இப்போதும் முன்கணிப்பு வெளியிடுகிறார்கள். ஆனால் அதன்மேல் பாரம் போடுவதில்லை. கோடை தொடங்கியதும் கடலில் சோதனை வலைகள் இறங்குகின்றன. பிடிபட்ட மீனின் துடுப்பில் துளி சதை எடுத்து மரபணுவால் அது எந்த ஓடையின் வம்சம் என்று ஓரிரு நாளில் கண்டுவிடுகிறார்கள். மிஷன் என்ற ஊருக்கருகே ஆற்றில் ஏறும் மீனைச் சோனார் எண்ணுகிறது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, 1985-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அமைந்த இரு நாட்டுக் குழு, பருவம் முடியும் வரை வாரத்துக்கு இரு முறை கூடி, எதிர்பார்க்கும் வரவைத் திருத்தித் திருத்தி அறிவிக்கிறது. செவ்வாய்க்கிழமை சொன்ன எண்ணை வெள்ளிக்கிழமை மாற்றிச் சொல்வதற்கு அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை.